சோமாலி பேசும் நம் கதாநாயகர்கள்!

இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத பாட்டியம்மா, இந்திப் படக் கதையை ஒன்று விடாமல் சொல்கிறாள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? சோமாலியர் வீடுகளில் இது சர்வ சகஜம்!

கணவரின் உத்தியோக நிமித்தம் நைரோபியில் சில காலம் இருந்தேன். அங்கே ஈஸ்ட்லீ பேட்டையில் சோமாலியக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் ஒரு அம்மாள் எனக்கு நல்ல சிநேகிதி. என்னை 'அபாயோ' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் சகோதரி என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் மொகதிஷு நகரத்துக் கொட்டகைகளில் இந்திப் படங்களுக்கு ஏகக் கிராக்கி. "பாஷை புரியாமலா பார்த்தீங்க?" என்று கேட்டேன். "புரியாட்டா என்ன அபாயோ? தாயார் அழுதா நாங்களும் அழுவோம். மீதிக் கதையை நாங்களே கட்டிப்போம்!" என்று சிரித்தார்.

1991-ல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. கொட்டகைகள் மூடின. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். படங்கள் வீடியோவாக வீட்டுக்குள் வந்தன; பிற்பாடு டெலிவிஷன், கைப்பேசி என்று பரவின. கூடவே வந்தது சோமாலிக் குரல்.

இது ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று? சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972-ல்தான். கவிதையும் கதையும் காதால் கேட்டே வளர்ந்த ஜனங்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்தைவிட, காதில் விழும் பேச்சுதானே அவர்களுக்கு இனிக்கும்?

இந்தப் படங்களுக்கு 'ஹிந்தி அஃப் சோமாலி' என்று பெயர். 'சோமாலி பாஷையில் இந்தி' என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், தெலுங்குப் படம், நம் தமிழ்ப் படம் எல்லாமே அங்கே 'ஹிந்தி'தான்!

சிநேகிதி சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசைத் தொட்டது. "பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், வெளியில சுவாஹிலி. என் மாமியாரோ சோமாலி மட்டுமே பேசுவாங்க. படம் போட்டாத்தான் பேரனும் பாட்டியும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே பாஷையில சிரிக்கிறாங்க" என்றார்.

1967-ல் திறந்த மொகதிஷு தேசிய அரங்கில், முப்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு 2021 செப்டம்பர் 22-ந் தேதி மீண்டும் சினிமா காட்டினார்கள். அன்று ஓடியவை சோமாலியர் ஒருவரே எடுத்த குறும்படங்கள். இரவல் கதையில் சிரித்தவர்களுக்குச் சொந்தக் கதையும் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது, சந்தோஷம்தானே!

நம் வீட்டிலும் ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலைக்கொருவராக உட்காராமல், வாரம் ஒருநாள் பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்க்கலாமே! குழந்தைகளுக்குத் தமிழ் தானாக வரும். பாட்டிக்கும் பேச்சுத் துணை.