மூக்கு தாழ்ந்த பிக்கப்பும் முறுக்குத்தண்டும்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பிக்கப் வாகனங்களில் பெரும்பாலானவை, சுமையின்றிச் சமதரையில் நிற்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஓரிரு அங்குலம் உயர்ந்தே காணப்படுகின்றன. சரக்குத்தட்டில் பாரம் ஏறியதும் பின்புற ஸ்பிரிங்குகள் அமுங்கி வண்டி கிடைமட்டத்துக்கு வரவேண்டும் என்று கணக்கிட்டு, ஆலையிலேயே வைக்கப்படும் சாய்வு அது. பாரம் ஏற்றாமல் அன்றாடப் போக்குவரத்துக்கே வண்டியைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தோற்றம் உறுத்துகிறது. சற்றுப் பெரிய டயர் மாட்ட விரும்புவோருக்கு முன்சக்கரக் குழியில் இடமும் போதுவதில்லை. ஆகவே முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்துக்கு ஈடாக்கும் ‘லெவலிங்’ என்ற வேலை அங்கே பெருவழக்காக இருக்கிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் இதை ஏறத்தாழச் செலவே இல்லாமல் செய்துவிட முடியும். ஆனால் அந்த மலிவுக்கு வண்டி வேறு வகையில் விலை கொடுக்கிறது.

1999-ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான செவ்ரலே சில்வராடோவின் நான்கு சக்கர இயக்க வகை இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. அதன் பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைவில் அடுக்கு இருக்க, முன்புறத்தில் சுருள்வில்லுக்குப் பதிலாக டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத்தண்டு, பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. தண்டின் முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு, அதாவது லோயர் கன்ட்ரோல் ஆர்மோடு, பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்முனை ஓட்டுநர் அறைக்கு அடியிலுள்ள குறுக்குச்சட்டத்தில், ‘கீ’ எனப்படும் சிறு நெம்புகோலுக்குள் செருகப்பட்டிருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது கீழ்க்கை மேலெழுந்து தண்டை முறுக்குகிறது. முறுக்கேறிய எஃகு பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. இந்த உத்தி புதிதன்று: 1934-இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் காரிலும், பின்னர் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே அமைப்பு இருந்தது.

கீயின் வால்பகுதியை ஒரு போல்ட்டின் நுனி அழுத்திக்கொண்டிருப்பதால், போல்ட்டை உள்ளே முடுக்கினால் கீ சற்றுச் சுழல்கிறது. அதோடு தண்டும், தண்டோடு கீழ்க்கையும் சுழன்று வண்டியின் முன்புறம் மேலெழுகிறது. வயதான வண்டிகளில் ஸ்பிரிங்குகள் தொய்ந்துபோகும்போது ஆலை குறித்த உயரத்தை மீட்பதற்காகவே இந்த போல்ட் வைக்கப்பட்டது. ஆகவே லெவலிங் செய்ய முனைவோர் முதலில் அளந்து பார்ப்பது அவசியம். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும் என்பதால், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளப்பதே முறை. இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு மிகுந்தால், உடைந்த பட்டையோ தேய்ந்த புஷ்ஷோ இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு போல்ட்டைத் திருகுவது, நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திடுவதாகும்.

போல்ட்டை முடுக்கினால் ஸ்பிரிங் இறுகிக் கடினமாகிவிடும் என்பது இந்த வண்டிகளை வைத்திருப்போரிடையே பரவலாக உள்ள தவறான நம்பிக்கை. ஒரு தண்டின் முறுக்குவிறைப்பு அதன் உலோகத்தையும் நீளத்தையும் விட்டத்தையும் மட்டுமே பொறுத்தது என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1784-லேயே சோதனைகளால் காட்டினார். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், விட்டத்தை 10 விழுக்காடு கூட்டினாலே அது ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும். ஆனால் போல்ட் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை. முன்சக்கரங்கள் தாங்கும் எடை மாறாததால், நிலையாக நிற்கும் வண்டியில் தண்டு எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதும் ஏறத்தாழ மாறுவதில்லை. தண்டின் இரு முனைகளும் ஒரே அளவு சுழன்று, கை மட்டுமே தாழ்ந்த கோணத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் அளவுக்கு மீறி முடுக்கிய வண்டி ஏன் கட்டைவண்டிபோல் தூக்கிப்போடுகிறது? சக்கரம் மேலேறுவதற்கு இடம் தேவைப்படுவதுபோலவே, பள்ளத்தில் கீழிறங்கவும் இடம் தேவைப்படுகிறது. சக்கரத்தின் மொத்த வீச்சு மாறாததால், முன்புறம் உயர்ந்த ஒவ்வோர் அங்குலமும் கீழிறங்கும் வீச்சிலிருந்தே கழிகிறது. எஞ்சியது மிகக் குறைந்துவிட்டால், சிறு பள்ளத்திலும் ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டோ மேற்கை, அதாவது அப்பர் கன்ட்ரோல் ஆர்ம், தடுப்பில் இடித்தோ அதிர்வு சட்டத்துக்கு நேராகப் போய்ச்சேர்கிறது. சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் அச்சின் சிவி ஜாயின்ட் எனப்படும் வளைமூட்டுகளும் செங்குத்தான கோணத்தில் ஓயாமல் சுழன்று விரைவில் தேய்கின்றன. இதனால், பின்பக்கத்துக்கு முற்றிலும் ஈடாக்காமல் கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பதே விவேகம்.

சந்தையில் ‘லெவலிங் கீ’ என்று விற்கப்படுவது, தண்டு செருகும் துளை வேறு கோணத்தில் வெட்டப்பட்ட கீ மட்டுமே. போல்ட் செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது, கூடுதல் வீச்சோடு. போல்ட்டில் இன்னும் மரை மிச்சமிருக்கும்போது அதற்குப் பணம் கொடுப்பது வீண்செலவு. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவப்படும் வட மாநிலங்களில் கீயும் தண்டும் துருவால் ஒட்டிக்கொள்வதால், கழற்றுவதே பெரும்பாடாகிறது. போல்ட்டை முடுக்குவதானால் சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, முன்சக்கரங்களைத் தொங்கவிட்டுச் செய்யலாம். கீயைக் கழற்றுவதோ, அதற்குரிய அழுத்துகருவி இல்லாமல் தொடக்கூடாத வேலை, ஏனெனில் சக்கரம் தொங்கும்போதும் தண்டில் எஞ்சியிருக்கும் முறுக்கு எலும்பை முறிக்கப் போதுமானது. 2007-இல் வந்த அடுத்த தலைமுறையின் அரை டன் சில்வராடோவில் முறுக்குத்தண்டே இல்லை. அதில், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த ஸ்டிரட்டின் தலையில் ஒரு தடிப்பு வளையம் வைத்து உயர்த்துகிறார்கள். ஸ்டிரட் சக்கரத்துக்கு உட்புறமாகப் பொருந்தியிருப்பதால், வளையத்தின் தடிப்பைவிடக் கூடுதலாகவே வண்டி உயர்கிறது.

செலவழிக்க வேண்டிய இடம் வீல் அலைன்மென்ட். கைகளின் கோணம் மாறியதும் சக்கரங்களின் செங்குத்துச் சாய்வும், அவை நோக்கும் திசையும் மாறிவிடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் புதிய டயர்கள் சில மாதங்களிலேயே ஒரு விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிடும். போல்ட்டைத் திருகியபின் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, உயரம் படிந்ததும் மறுபடி அளந்து, அதன்பிறகே அலைன்மென்ட்டுக்கு விடவேண்டும்.

முகப்பு விளக்குகளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முறுக்குத்தண்டு கொண்ட 1999 சில்வராடோவில் பரவலான ஒரு வகையின் முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 143.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.64 மீட்டர்; முன்புறத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் வண்டி முக்கால் பாகைக்குச் சற்று மேலாக நிமிர்கிறது. அற்பமாகத் தோன்றும் இந்தக் கோணத்தால், 50 மீட்டருக்கு அப்பால் ஒளிக்கற்றை முன்பு விழுந்த இடத்தைவிட 70 சென்டிமீட்டர் அளவுக்கு மேலேறி எதிரே வருவோரின் கண்ணில் அடிக்கிறது. பின்னால் பாரமும் ஏற்றினால் மூக்கு மேலும் நிமிரும். லெவலிங் செய்தவர்கள் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கின் சரிப்படுத்தும் திருகைத் திருப்பி ஒளியைத் தாழ்த்திய பிறகே இரவில் சாலைக்கு வரவேண்டும்; அதற்குச் செலவு எதுவும் இல்லை.