உறக்கத்தைக் கூறும் முறை: ஸ்பானிய மொழியும் நம் மொழியும்

பிறமொழி கற்போருட் பலர், சொல்லுக்குச் சொல் ஈடு தேடிக் குறித்துக்கொள்வதே கற்றல் எனக் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாமையை அறிதற்கு அரிய நூற்பொருள் எதுவும் வேண்டா. நாள்தோறும் யாவர்க்கும் வரும் உறக்கம் ஒன்றே போதும். 20 நாடுகளில் அரச மொழியாய் விளங்கும் ஸ்பானிய மொழியில் உறக்கம் எவ்வாறு பேசப்படுகின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

அம்மொழியாளர் நம் நாட்டோடு முற்றும் தொடர்பற்றவர் அல்லர். 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரே போர்த்துக்கல்லையும் ஆண்டனர். 1630ஆம் ஆண்டு ஊவாவின் ரந்தெனிவெலையில் கண்டிப் படையோடு பொருது மாண்ட போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா, ஸ்பானிய மன்னன் நான்காம் பிலிப்பின் ஆணைக்கு உட்பட்டவனே. நாம் வழங்கும் மேசை என்னும் சொல்லும் அவ்விரு மொழிகளுக்கும் பொதுவானதாகும்.

முதற்கண் நம் வழக்கைக் காண்போம். 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்கிறோம். இதில் எழுவாய் தூக்கம். அதனைப் பெறுபவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். ஹல்துமுல்லையில் நம் அயலவராகிய சிங்கள மக்கள் கூறும் 'மட்ட நிதிமத்தய்' என்பதும் 'எனக்கு' என்றே தொடங்குகின்றது. ஆங்கிலமோ ஆளை எழுவாயாக்கி, உறக்கத்தை அவனது பண்பாக்கி, 'ஐ ஆம் ஸ்லீப்பி' என்னும். ஸ்பானியர் 'தெங்கோ சுவேஞோ' என்பர். 'உறக்கம் உடையேன்' என்பது அதன் நேர்ப்பொருள். பசி, தாகம், அச்சம் என்பனவும் அவர்க்கு இவ்வாறே உடைமைகளாம்.

ஆங்கிலத்தின் வழியே செல்லும் மாணவன், 'இருக்கிறேன்' என்னும் வினையை இட்டு 'எஸ்தோய் சுவேஞோ' என்று கூறி இடறுவான். தமிழ் மாணவனுக்கோ உறக்கத்தைத் தன்னின் வேறான பொருளாகக் கூறும் பழக்கம் தாய்மொழியிலேயே உண்டு. 'வருவது' என்பதனை 'உடையது' என மாற்றுதலே அவன் செய்யத்தக்கது.

உறங்குதலைக் குறிக்கும் வினை 'தோர்மீர்' என்பது. 'உறங்குகிறேன்' என்பதற்குத் 'துவெர்மோ' என்றும், 'உறங்குகிறோம்' என்பதற்குத் 'தோர்மீமோஸ்' என்றும் கூறுவர். முதலசையில் அழுத்தம் விழுங்கால் ஓகாரம் 'உவெ' எனத் திரிகின்றது. அவ்வினை 'சே' என்னும் ஈறு பெற்றுத் 'தோர்மீர்சே' ஆயின், உறக்கத்தில் ஆழ்தலைக் குறிக்கும். 'தூங்கினான்', 'தூங்கிப்போனான்' என நாம் துணைவினையால் காட்டும் வேறுபாடு அதுவேயாம்.

விடியுமுன் எழுதலை 'மத்ருகார்' என ஒரே வினையாற் கூறுவர். பெரட்டுக்களத்திற்குச் செல்ல இருளிலே எழுந்து பழகிய தோட்டத்து மக்களுக்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பகலுறக்கமாகிய 'சியெஸ்தா', ஞாயிறு எழுந்தது முதல் எண்ணப்படும் ஆறாம் மணியாகிய நண்பகலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இன்னொன்று சைவ நூல் பயின்றோர்க்குச் சுவை தருவது. நனவு, கனவு, உறக்கம் என நாம் நிலைகளை வகுத்துணர்கிறோம். இலத்தீனிலும் உறக்கத்துக்கும் கனவுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஸ்பானியத்தில் அவையிரண்டும் 'சுவேஞோ' என ஒன்றாயின. 1636இல் அச்சேறிய கால்தெரோனின் புகழ்பெற்ற நாடகம், வாழ்வு ஒரு சுவேஞோ என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கியது. ஆங்கு அச்சொல் கனவைக் குறிக்கும். 'தெங்கோ சுவேஞோ' எனின் தூக்கம் வருகிறது என்பது பொருள். 'ஒரு' என்னும் பொருள்தரும் 'உன்' இடையே புகுந்து 'தெங்கோ உன் சுவேஞோ' எனின், எனக்கு ஒரு கனவு உண்டு என்பது பொருள். ஒரு சிறு சொல் உறக்கத்தைக் கனவாக்கி விடுகின்றது!

இவற்றால் அறியத்தக்கது யாது? ஒவ்வொரு மொழியும் தனக்குரிய நெறியில் நிற்கின்றது. அந்நெறியை மதித்துக் கற்பவனே அம்மொழியை அடைகின்றான். இவ்வுண்மை நம் வகுப்பறைக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தார் 'நித்திரை' என்பர். மலையகத்தார் 'தூக்கம்' என்பர். துஞ்சல், துயில், உறக்கம் என இன்னும் பல சொற்கள் உள. இவற்றுள் ஒன்றைக் கூறிய பிள்ளையை மற்றொன்றைக் காட்டித் திருத்துதல் முறையன்று. அவ்வாறு திருத்தப்பட்ட பிள்ளை தன் தாயின் சொல்லையே இழிந்ததென எண்ணத் தொடங்கும். ஸ்பானியன் உறக்கத்தை 'உடையன்' என்பதை வியந்து ஏற்கும் நாம், தோட்டத்துப் பிள்ளைக்குத் தூக்கம் 'வருவதையும்' மதித்து ஏற்போமாக.