சாலையில் ஒரு சாட்சி



செம்மண் சாலை வந்து பெரிய சாலையைத் தொடுகின்ற சந்தி ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களுக்கும் உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும், பள்ளி வேனும், செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் அந்த ஒரே வாயிலைத்தான் கடக்க வேண்டும். விபத்துகளும் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கின்றன. அத்தகைய ஒரு சந்தியில், நம் பள்ளியில் ஆறாண்டு பயின்ற ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாடத்திற்கு வருவோம்.

அவர் தம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வண்டி ஒரு பழைய கஞ்சில் கார். சந்தியில் வலப்பக்கம் பார்த்தார். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. இடப்பக்கம் திரும்பினார். அதே நேரத்தில் எதிர்த்திசையில் வந்த ஒரு கார், முன்னால் சென்ற லாரியை இரட்டைக் கோட்டின் மேலேயே முந்திக்கொண்டு இவருடைய பாதையில் வந்து மோதிவிட்டது. தாயாருக்குக் கால் முறிந்தது. லாரி நிற்காமல் போய்விட்டது. போக்குவரத்துக்கு வழிவிட இரண்டு வண்டிகளையும் ஓரத்தில் தள்ளி வைத்தார்கள்.

போலீஸ் நிலையத்தில் எதிர்த் தரப்பார் என்ன சொன்னார் தெரியுமா? "நான் என் பாதையில்தான் வந்தேன். அவர் சந்தியிலிருந்து அகலமாகத் திரும்பி என் பக்கம் வந்துவிட்டார்" என்றார். லாரியோ போய்விட்டது, வேறு சாட்சி இல்லை. சிறு சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வருகிறவர்தான் காத்திருந்து வர வேண்டும் என்பது பொது விதி. ஆகவே, பழி நம் மாணவர் மீது சாயத் தொடங்கியது. இவருடைய காப்புறுதியோ மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். வண்டியும் போயிற்று, தாயாரின் மருத்துவச் செலவும் தலைமேல் நின்றது.

மூன்றாம் நாள்தான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு வந்த மைத்துனர் முன் கண்ணாடியில் ஒரு சிறு கேமராவை ஒட்டிக் கொடுத்திருந்தார். பட்டறைக்கு ஓடினார். மோதிய வேகத்தில் மின்கம்பி அறுந்து, கேமரா அந்த நிமிடமே நின்று போயிருந்தது. உள்ளே இரட்டைக் கோடும், லாரியும், அதை முந்திக்கொண்டு வந்த காரும் அப்படியே பதிவாகி இருந்தன.

இந்தச் சிறு கருவியைத்தான் டேஷ்கேம் என்கிறார்கள். இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

டேஷ்கேம் எப்படி வேலை செய்கிறது? வண்டியை முடுக்கியதும் அது தானாகப் பதிவு செய்யத் தொடங்கும். பதிவுகள் விரல் நகம் அளவுள்ள ஒரு நினைவட்டையில் சேரும். அட்டை நிறைந்ததும், மிகப் பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும். 32 ஜிபி அட்டையில் தெளிவான படம் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது. வண்டி பலமாக அதிர்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. ஆனால் இலேசான உரசலை அது கவனிக்காமல் விட்டுவிடலாம். நம் மாணவருக்குக் கம்பி அறுந்ததால் பதிவு தப்பியது. அது அதிர்ஷ்டம். வண்டி ஓடும் நிலையில் இருந்திருந்தால், மூன்று நாள் ஓட்டத்தில் அந்தப் பதிவு அழிந்தே போயிருக்கும். விபத்து நடந்து, அங்கே பேச வேண்டியதைப் பேசி முடித்ததும், கேமராவை நிறுத்தி அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது முதல் பாடம்.

இனி, இந்தப் பதிவு காப்புறுதிக்கு ஏன் உதவுகிறது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் வாகனக் காப்புறுதி பெரும்பாலும் இரண்டு வகையில் எடுக்கப்படுகிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது, நம்மால் பிறருக்கு ஏற்படும் காயத்திற்கும் சேதத்திற்கும் மட்டுமே ஈடு கொடுக்கும். நம் வண்டிக்கு ஒரு காசும் தராது. முழுக் காப்புறுதி நம் வண்டியின் சேதத்தையும் ஏற்கும். தோட்டப்புறத்தில் ஓடும் பழைய கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கிறது. அப்படியானால், நம் வண்டியைப் பழுதுபார்க்கும் பணம் எதிர்த் தரப்பாரின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். தவறு அவருடையது என்று காட்டினால்தான் அந்த நிறுவனம் பணம் கொடுக்கும். ஆக, குறைந்த காப்புறுதி உள்ள ஏழைக்குத்தான் சாட்சி அதிகம் தேவைப்படுகிறது.

முழுக் காப்புறுதி உள்ளவருக்கும் இதில் அக்கறை உண்டு. விபத்துக் கோரிக்கை எதுவும் செய்யாதவருக்குச் சந்தாவில் கழிவு கிடைக்கிறது, இதை என்.சி.டி. என்பார்கள். காருக்கு முதலாண்டு முடிவில் 25 விழுக்காடு தொடங்கி, ஐந்தாண்டுகளில் 55 விழுக்காடு வரை அது உயரும். ஆயிரம் வெள்ளிச் சந்தாவுக்கு 450 வெள்ளி கட்டினால் போதும். தவறு நம்முடையது என்று முடிவாகி, நம் காப்புறுதியில் கோரிக்கை செய்தால், இத்தனை ஆண்டுச் சேமிப்பும் போய்விடும். தவறு நம்முடையதல்ல என்றால், நம் சொந்த நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கேட்டுப் பெற்று, கழிவையும் இழக்காமல் இருக்க வழி உண்டு.

தவறு யாருடையது என்ற கேள்விக்கு முதலில் விடை தேடுகிறவர் போலீஸ் விசாரணை அதிகாரி. இரு தரப்புப் புகார்கள், சம்பவ இடத்தின் வரைபடம், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு அவர் முடிவுக்கு வருகிறார். காப்புறுதி நிறுவனங்கள் அந்த முடிவைப் பெரிதும் மதிக்கின்றன. எனவே டேஷ்கேம் பதிவு இருந்தால், அது முதலில் போக வேண்டிய இடம் விசாரணை அதிகாரியின் மேசைதான். முகநூலில் போட்டு ஊரைக் கூட்டுவதால் விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை; வீண் வம்புதான் வளரும்.

வழக்கு நீதிமன்றத்திற்குப் போனால் என்ன ஆகும்? விபத்து இழப்பீட்டு வழக்குகளைச் செஷன்ஸ் நீதிமன்றம், தொகை எவ்வளவானாலும், விசாரிக்க முடியும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு 1993இல் சேர்க்கப்பட்டது. கணினி வழி உண்டான ஆவணங்களையும் சாட்சியமாக ஏற்பதற்கு அது வழி செய்கிறது. ஆனால், அந்தக் கருவி வழக்கமாக இயங்கி வந்தது என்பதை உரியவர் சான்றளிக்க வேண்டும், அல்லது நேரில் வந்து சொல்ல வேண்டும். ஆகவே பதிவை வெட்டவோ ஒட்டவோ கூடாது. வேண்டாத பேச்சு இருக்கிறதென்று ஒலியை நீக்கினால்கூட, "வேறு எதை நீக்கினீர்?" என்று எதிர் வழக்கறிஞர் கேட்பார். மூல அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு நகல் எடுங்கள். போலீஸார் அட்டையையே கேட்டால் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவின் தேதியும் மணியும் சரியாக உள்ளனவா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதி தவறாக இருந்தால் நல்ல சாட்சியும் தடுமாறும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாணவரின் பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. சந்தியின் நிறுத்தக் கோட்டில் அவருடைய கார் முழுமையாக நிற்கவில்லை. மெதுவாக உருண்டுகொண்டே திரும்பியது. "ஒரு நொடிதானே ஐயா" என்றார் நம்மிடம். அந்த ஒரு நொடிக்கும் விலை இருந்தது. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரிடமும் ஓரளவு கவனக்குறைவு இருந்தால், அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். பெரும் பங்கு தவறு எதிர்த் தரப்பாருடையது என்று முடிவாயிற்று. ஒரு பங்கை இவர் ஏற்க வேண்டியதாயிற்று. தாயாருக்கு அந்தக் கழிவு இல்லை; அவர் வண்டி ஓட்டவில்லை அல்லவா?

கேமரா நம் காசில் வாங்கியதுதான். ஆனாலும் அது நம் பக்கம் சாய்ந்து பேசாது. நாம் வேகமாகப் போனால் அதையும் காட்டும்; கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குரலையும் கேட்க வைக்கும். அதற்குப் பயந்து பதிவை அழிப்பது குற்றத்தின் மேல் குற்றம். பயப்படத் தேவையில்லாதபடி ஓட்டுவதே வழி. கேமரா வைத்த பிறகு நம் மாணவர் கோட்டில் நின்று போகப் பழகிவிட்டார். "யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல் இருக்கிறது, ஐயா" என்கிறார்.

கேமராவுக்குக் குறைகளும் உண்டு. முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா, பின்னால் வந்து இடித்தவரைக் காட்டாது. இரவில் எண் பலகை தெளிவாக விழாமல் போகலாம். அகலமாகப் பார்க்கும் வில்லையில், அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பது போல் தோன்றும். நம் நாட்டு வெயிலில் பூட்டிய கார் அடுப்பு போல் கொதிக்கும். உள்ளே மின்கலம் வைத்த கேமரா அதில் உப்பிப் போகலாம். மின்கலத்திற்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி, உட்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும்.

"எங்களிடம் கார் ஏது? மோட்டார் சைக்கிள்தானே" என்று பல தாய்மார்கள் எண்ணுவது நமக்குத் தெரிகிறது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. மோட்டார் சைக்கிளுக்கும் மழை தாங்கும் கேமராக்கள் வந்துள்ளன. வாங்க முடியாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். விபத்து நேர்ந்த இடத்தில் நின்ற மற்ற கார்களில் கேமரா இருக்கலாம். எண்ணையும் தொலைபேசியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்திலும் கடைகளிலும் ஆலை வாயிலிலும் கண்காணிப்புக் கேமரா இருக்கும். அவையும் சில நாட்களில் அழிந்துவிடும். ஆகவே அன்றே போய்க் கேளுங்கள்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எழுதி வையுங்கள்.

முதலாவது, நின்று, காயம்பட்டவருக்கு உதவுங்கள். இரண்டாவது, வண்டிகளையும் சாலைக் கோடுகளையும் கண்ணாடிச் சிதறலையும் கைப்பேசியில் படம் எடுங்கள். மூன்றாவது, "தவறு என்னுடையது" என்று எவரிடமும் எழுதிக் கொடுக்காதீர்கள்; காப்புறுதிப் பத்திரமே அதைத் தடுக்கிறது. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து எவரேனும் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். நான்காவது, 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்யுங்கள். புகார் மலாய் மொழியில் இருக்கும். படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். கேமராப் பதிவு உண்டு என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாவது, உங்கள் காப்புறுதி நிறுவனத்திற்கும் பத்திரத்தில் குறித்துள்ள நாட்களுக்குள் தெரிவியுங்கள். ஆறாவது, வேலைக்குப் போகும்போதோ வேலையிலிருந்து திரும்பும்போதோ விபத்து நேர்ந்திருந்தால் பெர்க்கேசோவிடமும் கோரிக்கை செய்யலாம். புறப்பட்ட நேரத்தையும் சென்ற வழியையும் காட்டக் கேமரா அங்கேயும் உதவும்.

உங்கள் காப்புறுதி நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், முதலில் அதனிடமே எழுத்து மூலம் முறையிடுங்கள். அதன் இறுதிப் பதிலும் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் ஆறு மாதத்திற்குள் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. உடற்காயத்திற்கு இழப்பீடு கேட்க வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ நாடி விசாரிக்கலாம். உயிரிழப்பு நேர்ந்திருந்தால், குடும்பத்தார் மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. துக்கத்தில் காலம் கடத்தி உரிமை இழந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

நேயர்களே, ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர்கள் வருந்திச் சொன்னார்கள். நம் மாணவரின் சொல்லும் ஏறாமல்தான் நின்றது. மைத்துனர் ஒட்டிக் கொடுத்த கேமராதான் அதை ஏற்றி வைத்தது. அவருடைய தாயார் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகும்போது, வண்டியில் ஏறியதும் கேமராவின் விளக்கு எரிகிறதா என்று அவர்தான் முதலில் பார்க்கிறாராம்.

நாமும் பார்ப்போம். சந்தியில் நின்றும் செல்வோம்.