சுவருக்கு மட்டுமல்ல, வழிகாட்டுபவருக்கும் மானியம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் செலவிடும் எரிசக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் கட்டடங்களுக்கே போகிறது. வீடுகளில் அதன் பெரும்பங்கைக் குளிர்காலச் சூடேற்றமும் வெந்நீரும் எடுத்துக்கொள்கின்றன. அங்குள்ள கட்டடங்களில் சுமார் 85 சதவீதம் 2000-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டவை. பலவற்றில் சுவர், கூரை, ஜன்னல் இடுக்கு எல்லா வழியாகவும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். எரிவாயுவுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி தெருவைச் சூடாக்கவே செலவாகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு போடலாம், நல்ல ஜன்னல் மாட்டலாம், எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் வைக்கலாம். மானியமும் கிடைக்கிறது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதக் கட்டடங்களில்தான் இந்த வேலை நடக்கிறது. இந்த வேகத்தை 2030-க்குள் இரட்டிப்பாக்கி 3.5 கோடிக் கட்டடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2020 அக்டோபரில் இலக்கு வைத்தது.

பணம் இருந்தும் ஏன் நடப்பதில்லை?

வீட்டுக்காரர் நிலையிலிருந்து பார்த்தால் விடை புரியும். முதலில் வீட்டை ஆய்வு செய்ய ஆள் தேட வேண்டும். பிறகு கொத்தனார், ஜன்னல்காரர், எலக்ட்ரீஷியன், ஹீட் பம்ப் நிறுவுபவர் என்று தனித்தனியாக விலை கேட்க வேண்டும். மானியத்துக்கு ஒரு விண்ணப்பம், வங்கிக் கடனுக்கு இன்னொன்று. யார் சொல்வது நியாயமான விலை என்று தெரியாது. வேலை பாதியில் நின்றால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. இத்தனையையும் யோசித்துவிட்டு, ‘இந்தக் குளிரும் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

வேலைகளுக்குள் ஒரு வரிசையும் இருக்கிறது. வெப்பம் கசியும் வீட்டில் முதலில் ஹீட் பம்ப் வைத்தால், தேவைக்கு மேல் பெரிய கருவி வாங்க நேரும்; மின்கட்டணமும் ஏறும். காற்றுப் புக முடியாதபடி ஜன்னல்களை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்துக்கு வழி செய்யாவிட்டால் சுவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தனித்தனியாக வரும் ஆட்கள் அவரவர் வேலையை மட்டும் பார்ப்பார்கள். வீட்டை முழுதாகப் பார்க்க ஒருவர் வேண்டும்.

இந்த இடத்துக்கு வருவதுதான் ஒருங்கிணைந்த வீட்டுப் புதுப்பிப்புச் சேவை. கல்யாணத்தைக் காண்ட்ராக்ட் விடுவது போல, ஆய்வு, திட்டம், மானிய விண்ணப்பம், கடன், ஆள் பிடிப்பது, மேற்பார்வை, கடைசியில் தரச் சோதனை எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. சில இடங்களில் அது ஆலோசனையோடு நின்றுவிடும். சில இடங்களில் முழு வேலைக்கும் அதுவே பொறுப்பு.

அயர்லாந்தில் எப்படி?

அயர்லாந்து அரசு 2022 பிப்ரவரியில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் 5 லட்சம் வீடுகளை ‘பி2’ என்னும் எரிசக்தித் தரத்துக்கு உயர்த்துவது இலக்கு. அதற்கு ஒதுக்குவதாக அறிவித்த தொகை 800 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி எரிபொருள்மீது விதிக்கும் கார்பன் வரியிலிருந்து வருகிறது.

சேவையைத் தருபவை அரசிடம் பதிவு பெற்ற தனியார் நிறுவனங்கள். முழுப் புதுப்பிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி வரை மானியமாகக் கிடைக்கும். சுவர், கூரை, ஹீட் பம்ப் என ஒவ்வொன்றுக்கும் தொகை தனி. வீட்டு ஆய்வுக்கும் மேற்பார்வைக்கும்கூட மானியம் உண்டு. முழுப் பணத்தையும் கட்டிவிட்டு மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனம் மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்கிறது. கையில் சேமிப்பு அதிகம் இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. மீதித் தொகைக்காக 2024-இல் அரசு ஆதரவுடன் குறைந்த வட்டிக் கடனும் வந்தது. அதில் 75,000 யூரோ வரை வாங்கலாம். குறிப்பிட்ட சில நலத்திட்ட உதவிகளைப் பெறும் குடும்பங்களுக்கு வேறொரு திட்டத்தில் வேலை முழுவதும் இலவசம்.

அடுக்குமாடியில் சிக்கல் வேறு

அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிச்சுவரும் கூரையும் எல்லோருக்கும் பொது. ஒருவர் விரும்பினால் போதாது, மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ‘ஓபன்கேலா’ என்ற பெயரில் தொடங்கிய அலுவலகங்கள் இதற்காகவே குடியிருப்புகளுக்குள் போய் உட்கார்ந்தன. பில்பாவோ நகரின் ஓட்சார்கோவாகா, ஐபார் நகரின் சொன்டா ஆகிய இரண்டும் அவை முதலில் தொடங்கிய இடங்கள். ஊழியர்கள் குடியிருப்போர் கூட்டங்களில் கணக்கை விளக்கி, வயதானவர்களின் சந்தேகங்களைத் தீர்த்து, விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறார்கள். இந்த வேலையைச் சந்தை தானாகச் செய்யாது. இதில் உடனடி லாபம் கிடையாது.

பொதுப் பணம் எங்கெல்லாம் போகிறது?

மூன்று வழிகளில் போகிறது. கட்டட வேலைக்கான மானியம் முதலாவது. குறைந்த வட்டிக் கடனும் அதற்கான அரசு உத்தரவாதமும் இரண்டாவது. மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: சேவை அலுவலகத்தை நடத்தும் செலவு, அதாவது ஊழியர் சம்பளம், ஆய்வு, பயிற்சி ஆகியவை.

இந்த மூன்றாவது செலவுக்கு ஐரோப்பாவில் இரண்டு முக்கியமான ஊற்றுகள் உண்டு. ஒன்று, ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2009 முதல் நடத்திவரும் ‘எலீனா’. இது திட்டத்தை உருவாக்கும் செலவில் 90 சதவீதம் வரை தருகிறது. வீடுகளைப் பொறுத்தவரை, இப்படித் தரும் ஒவ்வொரு யூரோவுக்கும் குறைந்தது 10 யூரோ முதலீடு நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் ‘லைஃப்’ திட்டத்தின் தூய எரிசக்திப் பிரிவு. இதில் செலவின் 95 சதவீதம் வரை உதவி பெறலாம்.

2024-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியக் கட்டட எரிசக்திச் சட்டம் இத்தகைய அலுவலகங்களைக் கட்டாயமாக்கியது. 80,000 பேருக்கு ஓர் அலுவலகம், அல்லது சராசரியாக 90 நிமிடத்துக்குள் போய்ச்சேரும் தூரத்தில் ஒன்று என்பது போன்ற அளவுகோல்களில் ஒன்றை உறுப்பு நாடுகள் பின்பற்ற வேண்டும்.

மேற்பார்வை இல்லாவிட்டால்?

இத்தாலி 2020-இல் புதுப்பிப்புச் செலவில் 110 சதவீதத்தை வரிச்சலுகையாகத் தந்தது. செலவுக்கு மேல் அரசே தந்ததால் விலை பேச யாருக்கும் அக்கறை இல்லாமல் போனது. மோசடிகள் பெருகின, அரசின் சுமை 10,000 கோடி யூரோவைத் தாண்டியது.

பிரான்ஸும் சூடுபட்டிருக்கிறது. வீட்டுப் புதுப்பிப்பை விற்கத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றுவோர் பெருகியதால், அத்தகைய அழைப்புகளை 2020-இல் தடை செய்தது. 2024 முதல், பெரிய புதுப்பிப்புக்கு மானியம் கேட்பவர்கள் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்வது கட்டாயம். வேலை எடுக்கும் நிறுவனங்களோடு அவருக்குத் தொடர்பு இருக்கக்கூடாது. அப்படியிருந்தும் மோசடி விண்ணப்பங்களும் தேங்கிய கோப்புகளும் சேர்ந்து, 2025 கோடையில் புதிய விண்ணப்பங்களைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

திட்டம் திடீரென நின்றால் வீட்டுக்காரர் மட்டுமல்ல, அதை நம்பி ஆள் சேர்த்த சிறு காண்ட்ராக்டரும் அடிபடுகிறார். அடுத்த முறை அவர் ஆள் சேர்க்கத் தயங்குவார். எனவே ஒரு திட்டத்தை எடைபோட மானியத் தொகை மட்டும் போதாது. பணம் எத்தனை ஆண்டு தொடர்ந்து வரும், முடிந்த வேலையை யார் சோதிக்கிறார்கள், தொடக்க உதவி தீர்ந்த பிறகு அந்த அலுவலகம் எந்த வருமானத்தில் நடக்கும் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு இன்னும் பல இடங்களில் தெளிவான பதில் இல்லை. குடும்பங்களிடம் கட்டணம் வாங்கலாம், காண்ட்ராக்டர்களிடம் கமிஷன் வாங்கலாம், நகராட்சியே நிரந்தரமாகச் செலவை ஏற்கலாம். கட்டணம் ஏழைகளை விலக்கும், கமிஷன் நடுநிலையைக் கெடுக்கும். ஆலோசனையும் சரிபார்ப்பும் நூலகம் போல ஒரு பொதுச்சேவை என்று ஏற்றுக்கொண்டால், அதற்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குவதே நேர்மையான வழி.