மண் புரவியும் கண்மாயும்: புரவியெடுப்பு மரபில் கலை, சூழல் உறவு

முன்னுரை

கலைப்பொருள் என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்கள் வளர்த்த எண்ணம். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டச் சிற்றூர்களில் அய்யனாருக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படும் சுடுமண் புரவிகள் இவ்வெண்ணத்திற்கு உட்படுவதில்லை. அவை வெயிலிலும் மழையிலும் சிதையுமாறு விடப்படுகின்றன. இச்சிதைவு ஊருக்கும் நீர்நிலைக்கும் இடையிலான உறவை எவ்வாறு புதுப்பிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிடிமண்ணும் வனைதலும்

விழாவிற்கு முன்னர் ஊரார் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை அளிப்பர். 'பிடிமண் கொடுத்தல்' எனப்படும் இச்சடங்கின் பின்னரே வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணுடன் மணலும், உமி அல்லது வைக்கோலும் கலந்து பிசைவர். உள்ளீடற்ற குழாய்களாகக் கால்களை நிறுத்தி, அவை ஓரளவு காய்ந்தபின் உடல், கழுத்து, தலை எனப் படிப்படியாக எழுப்புவர். பின்னர் வைக்கோல், விறகு, எருவாட்டி கொண்டு சுடுவர். விழா நாளில் ஊரார் புரவிகளைச் சுமந்து சென்று கோயிலில் நிறுத்துவதே புரவியெடுப்பாகும். பல அய்யனார் கோயில்களில் வேளாரே பூசாரியாகவும் விளங்குகின்றனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் வெளியிட்ட ஸ்டீபன் இங்கிலிசின் நூல் வேளார் கலையை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

சிதைவின் பயன்

புரவி மீண்டும் மண்ணாகிவிடுகிறது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இது முழுமையான விளக்கமன்று. சுட்ட மண் மீண்டும் பிசையத்தக்க களிமண்ணாவதில்லை. சில்லுகளாக உடைந்து நிலத்திலேயே கிடக்கும். ஆகவே, இங்குச் சுழற்சி பொருளில் அமையவில்லை, கடமையில் அமைந்துள்ளது. பழைய புரவி சிதைவதால் புதிய புரவி தேவைப்படுகிறது. புதிய புரவிக்கு மண் வேண்டும். மண்ணுக்குக் கண்மாய் வேண்டும். வேளார் எடுக்கும் மண்ணின் அளவு சிறிதே. எனினும், உழவர் வயலுக்கு வண்டல் அள்ளும் வழக்கத்தோடு சேரும்போது, கண்மாய் தூர்ந்துபோகாமல் காக்கும் ஊர்ப்பொறுப்பின் ஒரு பகுதியாக அது அமைகிறது.

சிமெண்டுப் புரவிகள்

இன்று பல கோயில்களில் சிமெண்டால் செய்து வண்ணம் பூசிய புரவிகள் நிற்கின்றன. அவை நீடித்திருப்பதால் ஊருக்குச் செலவு குறைகிறது, இக்காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஒருமுறை நிறுவப்பட்டபின் அவற்றிற்குப் பிடிமண் தேவையில்லை. வேளாரின் வனைதலும் தேவையில்லை. கண்மாய் மண்ணும் தேவையில்லை. பொருள் நிலைக்கிறது, உறவு அறுபடுகிறது.

முடிவுரை

தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றின் பராமரிப்பைப் பொறியியல் சிக்கலாகவும், சுடுமண் கலையைப் பண்பாட்டுச் சிக்கலாகவும் தனித்தனியே அணுகுவது பொருந்தாது. பழைய புரவிகளைக் காட்சிப்பொருளாகப் பாதுகாப்பதால் மட்டும் இக்கலை வாழாது. வேளாருக்குக் களிமண் தடையின்றிக் கிடைப்பதும், அம்மண் கிடைக்கும் கண்மாய் ஆக்கிரமிப்பின்றி இருப்பதுமே இக்கலையின் பாதுகாப்பாகும்.