தூரம் நின்ற பிறகு

புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட நம் பாட்டி தலைமுறைப் பெண்கள் "தூரம் நின்னு போச்சு" என்பதை விடுதலையாகத்தான் சொன்னார்கள். துணி அலசும் தொல்லை இல்லை, கோயிலுக்குத் தடை இல்லை. உடம்பு காந்தி, குப்பென்று வியர்த்தால் 'சூடு' என்று தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, மோரைக் குடித்துவிட்டு மறுபடி வயலுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை காலம் இருந்தார்கள்? 1951-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. குழந்தைச் சாவுகள் கீழே இழுத்த எண் அது. ஆனாலும் ஐம்பதைத் தாண்டி நெடுநாள் வாழ்ந்தவர்கள் குறைவு. இன்று சராசரியே எழுபது. நம் பெண்களுக்கு மாதவிடாய் 46, 47 வயதில், மேலை நாட்டாரைவிட நான்கைந்து ஆண்டு முன்னதாகவே நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருபத்தைந்து வருடம் வாழும் பெண்கள் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்போதுதான் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அந்த ஹார்மோன் வற்றினால் எல்.டி.எல். கொழுப்பு ஏறும். அது தமனிச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் பெரிய ஆபத்து. அப்படிக் கெட்ட கொழுப்பை வெள்ளணுக்கள் விழுங்கி, வீங்கி, அங்கேயே தங்கிவிடும். அடைப்பு தொடங்குவது இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இந்த ஆக்சிஜனேற்றம் தாமதமாகிறது என்று 1994-ல் சாக், ரேடர், கேனன் என்ற மூன்று ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று உலகமே நம்பிய காலம்.

2002 ஜூலையில் அந்த நம்பிக்கை உடைந்தது. 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 பேரில் மாரடைப்பு 7, பக்கவாதம் 8, மார்பகப் புற்று 8 கூடுதல். ஆய்வையே நிறுத்தினார்கள். அவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் பிறகுதான் கவனித்தார்கள். அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2007-ல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது: கொலஸ்ட்ரால் உடலுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் ஒரு பொருள், ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தக் குழாயில் அதை வேலை செய்ய விடுவதில்லை என்று எலிகளில் கண்டார்கள்.

இந்த நம்பிக்கையும் சரி, பீதியும் சரி, நம் கிராமங்களுக்கு வந்து சேரவே இல்லை என்றுதான் சொல்வேன். வந்து சேர்ந்தது எண்ணெய். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயை அன்று கரண்டியில் அளந்து ஊற்றினார்கள், பலகாரம் தீபாவளிக்கு. இன்று காலை வடைக்கு ஊற்றிய எண்ணெயே மாலை பஜ்ஜிக்கும். கொதித்த எண்ணெயில் ஆக்சிஜனேற்றத்தாலும் சேரும் கெடுபொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். தெருமுனைக் கடையில் அதை யார் அளப்பது? பழையதெல்லாம் நல்லது என்றும் இல்லை. இந்திய நெய்யில் ஆக்சிஜனேற்றமடைந்த கொலஸ்ட்ரால் இருப்பதை 1987-லேயே லான்செட்டில் சுட்டிக்காட்டினார்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது கூடும். வெயிலில் காயும் கருவாட்டிலும் அதே வேதியியல்தான். அன்று இதையெல்லாம் ஓரளவு ஈடுகட்டியது உழைப்பு. இப்போது நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது.

மருத்துவரும் தூரத்தில் இல்லை. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம், பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாம் பார்க்கிறார்கள். அதற்கு நிரப்பும் படிவத்தில் 'நின்ற பிறகு ரத்தப்போக்கு உண்டா' என்ற கேள்வி இருக்கிறது. எப்போது நின்றது என்ற கேள்விதான் இல்லை. கொழுப்புப் பரிசோதனையும் அந்தப் பரிசோதனைப் பட்டியலில் இல்லை.

அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: எந்த வயதில் நின்றது, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்களா என்று. 45-க்கு முன்பே நின்றிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்க ஹார்மோன் கேட்காதீர்கள், அதற்கு ஸ்டேட்டின் மாத்திரை இருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு உடம்பு காந்தினால், அறுபதுக்குள், மருத்துவரிடம் ஹார்மோன் பற்றிக் கேளுங்கள். மார்பகப் புற்றோ ரத்தக்கட்டோ வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.