காரில் மட்டும் ஏன் பாட மறுக்கிறது?

கம்ப்யூட்டரில் பாடிய சிடி கார் ஸ்டீரியோவில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? கடை சிடியில் பாட்டு, அச்சில் வார்த்த நுண்குழிகளாக இருக்கும். வீட்டில் 'ரைட்' செய்த சிடி-ஆரில் இருப்பது, லேசர் சூட்டில் சாயப்பூச்சு மாறிய புள்ளிகள். படிக்கும் லேசருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அழித்தெழுதும் சிடி-ஆர்டபிள்யூ கதை வேறு: பட்டுத் திரும்பும் ஒளி 15 முதல் 25 சதவீதமே. பழைய கார் பிளேயரின் கண்ணுக்கு அது போதாது.

எம்பி3 கோப்புகளை அப்படியே ஏற்றினாலும் பழைய பிளேயருக்குப் புரியாது. 'ஆடியோ சிடி' என்று தேர்ந்தெடுத்தால்தான் மென்பொருள் பாட்டை நொடிக்கு 44,100 மாதிரிகளாக விரித்து எழுதும். அதனால்தான் 80 நிமிடத்தோடு வட்டு நிரம்பிவிடுகிறது. 'ஃபைனலைஸ்' செய்ய மறந்தால் பாடல் பட்டியல் முறையாகப் பதியாது. காகித லேபிளும் வேண்டாம்; வெயிலில் பசை இளகி, வட்டு உள்ளேயே சிக்கலாம். மார்க்கர் போதும்.